யுஸ்தீனாவுக்கு வைத்த கல்

"பூட்டு துருப்பிடிச்சுக் கிடக்கு பாரு. ஒரு வருஷம் நான் வரலைன்னா இந்த மலையே பாழாப் போயிடும்."

அடிவாரக் குடிசையின் கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டே பெத்ருஸ் சொன்னான்.

"மலை அப்படியேதான் இருக்கு. நீதான் பாழாப் போயிட்டே," என்றேன்.

சிரித்தான். கழுதை உதைத்து முன்பற்கள் இரண்டும் போன நாளிலிருந்து அவனுக்குச் சிரிப்பு மட்டும் பெரிதாக வரும். சீழ்க்கை அடித்தால் வெறும் காற்றுதான் வரும்.

"அக்கா, கோஃபிக்குத் தண்ணி எடுத்தியா?"

"எடுத்தேன். உனக்குத்தான் எடுக்கலை. நாக்கைத் தொங்கப் போட்டுட்டு வா."

கோஃபி எங்கள் கால்களுக்கிடையில் சுற்றிச் சுற்றி வந்தது. பழுப்பு நிற நாட்டு நாய். பெயர் வைத்தவள் யுஸ்தீனா, என் தம்பி பெத்ருஸின் மனைவி. அவள் பல்லிடுக்கில் ஒரு சீழ்க்கை அடிப்பாள், நீளமாய் ஒன்று, வெட்டினாற்போல் இரண்டு. எந்தப் பள்ளத்தில் பாறைமுயலைத் துரத்திக்கொண்டிருந்தாலும் கோஃபி விட்டுவிட்டு ஓடிவரும்.

மலை ஏற வருகிறவர்களைக் கூட்டிப்போவதுதான் இருவருக்கும் பிழைப்பு. பெத்ருஸ் முன்னால் போவான். யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு யுஸ்தீனா நாயோடு கடைசியில் வருவாள். போன குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, கீட்மன்ஸ்ஹூப் நகரத்து ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். குளிப்பாட்டி, ஒட்டுத்துணிக் கவுன் உடுத்தி விட்டவள் நான்தான். தேவாலயத்துக் கல்லறையில் படுத்திருக்கிறாள்.

பாதையைத் திறப்பதற்கு முன்னால் வழிக்குறிகளுக்குப் புதுச் சுண்ணாம்பு பூச வேண்டும் என்று மலைக்குச் சொந்தக்காரரான பண்ணைக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். பெத்ருஸ் உடனே சரி என்றான். அந்த 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வாரந்தான் அவன் ஆடுகளையெல்லாம் மச்சானுக்கு, யுஸ்தீனாவின் அண்ணனுக்கு, கொடுத்திருந்தான். அவளுடைய தையல் மெஷினை எனக்குக் கொடுத்தான். கழுதையின் சேணத்தைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டான். ஆட்டைக் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிறவன் திரும்பி வருகிற எண்ணத்தில் போகவில்லை.

அதனால்தான் இந்த வயதில், வலிக்கிற முழங்காலோடு, நானும் கிளம்பினேன்.

காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. மேகம் என்று ஒரு பஞ்சுத் துணுக்கு இல்லை. செம்மண் வழி, கருத்த பாறை, அங்கங்கே ஒரு முள்மரம். கோஃபி முன்னால் ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓடி, எங்களை விட இரண்டு மடங்கு நடந்தது.

முதல் வளைவில் கற்குவியல் இருக்கிறது. என் உயரத்துக்கு மேல் இருக்கும். அடியில் யார் இருக்கிறார் என்று எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. போகிறவர் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று கல்லை எடுத்து வைத்து, தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். வைத்த கல்லை யாரும் எடுக்க மாட்டார்கள்.

நான் ஒன்று வைத்தேன். "மக்தலேனா. முட்டிவலிக்காரி. மெதுவாத்தான் வருவேன், பொறுத்துக்கோ."

பெத்ருஸ் ஒன்று வைத்துத் தன் பெயரைச் சொன்னான். நாய்க்கு ஒன்று வைத்தான். "இவன் கோஃபி. திருட்டுப் பய." குனிந்து இன்னொன்று எடுத்தான்.

"அது யாருக்குடா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. கல்லை இரண்டு கையாலும் பிடித்து வைத்தான்.

"யுஸ்தீனா," என்றான்.

"டேய்! எடுடா அதை."

"வெச்சதை எடுக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"நடக்கிறவங்களுக்குத்தான்டா கல்லு. செத்தவளுக்கு எதுக்கு?"

"அவளும் நடக்கட்டுமே, அக்கா. ஒரே ஒரு நாள்."

கோஃபி குவியலுக்கு முன்னால் நின்று போயிருந்தது. வால் இறங்கியிருந்தது.

மேலே நடந்தோம். அவன் முன்னால், நான் கடைசியில். கடைசியில் நடந்து எனக்குப் பழக்கமில்லை. முதுகு வெறிச்சென்றிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

வெறிச்சென்று இல்லை.

சரளைக்கல் நொறுங்கும் சத்தம் நான் நிற்கும்போது நிற்கவில்லை. இன்னும் ஓர் அடி வைத்துத்தான் நின்றது. வெயிலில் கல் வெடிக்கிற சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த மண்ணில் பிறந்தவளுக்குக் கல் வெடிக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று தெரியாதா?

"பெத்ரு, நான் முன்னால வரட்டுமா?"

"ஏன், வழி உனக்குத் தெரியுமா?"

"நீ பூசுற சுண்ணாம்பைப் பார்த்து நடக்கத் தெரியாதா? நான் என்ன குருடியா?"

"நீ அங்கேயே வா. அவ உன் பின்னாலதான் வர்றா," என்றான் சாதாரணமாக. தூரிகையை டப்பாவில் தோய்த்து, பாறையில் வெள்ளைக் கோடு இழுத்தான்.  "அவ பூசுற மூலிகைப் பொடி வாசனை வருது, உனக்கு வரலை?"

"அது என் கழுத்துல போட்ட பொடிடா. எல்லாப் பொம்பளைக்கும் அதே பொடிதான்."

உண்மையில் அப்போது எனக்கும் ஒரு வாசனை வந்தது. பொடியின் வாசனைதான். அதற்கு அடியில் ஈரமண் வாசனை. பெரிய கல்லைப் புரட்டினால் அடியில் இருக்குமே, அந்த மாதிரி.

மூன்று வருஷமாக அங்கே மழை இல்லை.

உச்சிப்பொழுதில் ஒற்றை முள்மரத்தடியில் உட்கார்ந்தோம். சாம்பலில் சுட்ட ரொட்டியைப் பிட்டேன். ஆட்டு உப்புக்கண்டத்தைக் கத்தியால் சீவினேன். பெத்ருஸ் தனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நிழலில் இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தான்.

"கோஃபி, வா. நிழலுக்கு வா."

வரவில்லை. கொதிக்கிற மண்ணில் கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றது. நாக்கு தரையைத் தொட்டது. உப்புக்கண்டத்தை நீட்டினேன். திருட்டுப் பயல் அதைப் பார்க்கக்கூட இல்லை. பெத்ருஸுக்குப் பக்கத்தில் இருந்த காலி நிழலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நாயைப் பாரு, பெத்ரு."

"வெயில் மண்டையில ஏறியிருக்கும்."

"அவ பக்கத்துல இருந்தா இவன் அவ மடியிலதானே கிடப்பான்? ஏன் வரமாட்டேங்குறான்?"

அவன் காலி இடத்தின் பக்கம் சாய்ந்து எதையோ காது கொடுத்துக் கேட்டான். தலையாட்டினான். எழுந்தான்.

"எங்கேடா?"

"அவ கூப்பிடுறா. அந்தப் பக்கம் காட்சி நல்லா இருக்குமாம்."

அந்தப் பக்கம் சுண்ணாம்புக் குறி கிடையாது. போடக் கூடாது என்று சொன்னவனே அவன்தான். பாறை சரிந்து இறங்கி, பாதாளத்தில் முடிகிற இடம். கீழே பருந்துகளின் முதுகு தெரியும்.

"பெத்ருஸ்! நில்லு!"

குறியை விட்டு இறங்கிவிட்டான். நான் எழுந்தேன், முழங்கால் மடங்கியது, கையை ஊன்றி மறுபடி எழுந்தேன். கோஃபி என்னை முந்திக்கொண்டு பாய்ந்து அவன் கால்சட்டையைக் கவ்வி இழுத்தது. அவன் உதைத்தான். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த நாயை உதைத்தான். அது உருண்டு எழுந்து, மறுபடி வந்து கவ்வியது.

அவனுக்கு முன்னால், பாறை விளிம்பில், வெயில் மட்டும் அசைந்தது. துணி காற்றில் அலைகிற மாதிரி.

காற்று இல்லை.

கத்தினால் இன்னும் ஓர் அடி வைத்துவிடுவான். மெதுவாகச் சொன்னேன்.

"பெத்ரு, அவதான்னா சரி. நானும் வர்றேன். ஒரே ஒரு தடவை விசிலடிக்கச் சொல்லு."

நின்றான்.

"என்ன?"

"கோஃபியைக் கூப்பிடச் சொல்லு. இத்தனை நாள் அவனும் ஏங்கிப் போயிருக்கான்ல?"

அவன் முகம் மலர்ந்தது. பார்க்க முடியவில்லை, அப்படி மலர்ந்தது.

"யுஸ்தி," என்றான், "பையனைக் கூப்பிடு."

எதுவும் கேட்கவில்லை. ஒரு பருந்து கீழே திரும்பியது. நான் மூச்சு விட்டேன்.

அப்போது அது கேட்டது.

நீளமாய் ஒன்று. வெட்டினாற்போல் இரண்டு.

துளி பிசகில்லை. அவளே அடித்தாலும் அவ்வளவு சுத்தமாக வராது.

கோஃபி கால்சட்டையை விட்டது. காதுகள் ஒட்டிப்போயின. வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்தது. நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. என் கவுனுக்கடியில் புகுந்து நடுங்கியது. அந்த நடுக்கம் என் எலும்பு வரைக்கும் வந்தது.

பெத்ருஸ் நாயைப் பார்த்தான். விளிம்பைப் பார்த்தான். மறுபடி நாயைப் பார்த்தான்.

"அக்கா," என்றான், குரலே இல்லாமல். "இவனுக்கு அவள்னா உயிராச்சே."

"ஆமாடா."

"அப்போ இது யாரு?"

"கேக்காத. திரும்பாம வா. என் கையைப் பிடி."

பிடித்தான். சின்னப் பிள்ளையின் பிடி.

இறங்கினோம். சரளைச் சத்தம் எங்கள் பின்னாலேயே வந்தது, அவசரமில்லாமல். குவியலிடம் வந்ததும் நான் அவன் காதில் சொன்னேன்:

"உனக்கும் நாய்க்கும் மட்டும் வை. அதுக்கு வைக்காத."

இரண்டு கல் வைத்தான். நான் ஒன்று வைத்தேன். வளைவைத் தாண்டினோம். பின்னால் சத்தம் நின்றுவிட்டது. அது ஏறுவதற்குக் கல் வைத்தோம், அது இறங்குவதற்கு வைக்கவில்லை. அங்கேயே நின்றுவிடும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, டீ போட்டு, அவனைத் திட்டித் தீர்த்தேன். அவன் அழுதான். அவள் செத்ததற்கு அன்றைக்குத்தான் அழுதான்.

மறுநாளே மச்சானிடம் போய் ஆடுகளைத் திருப்பிக் கேட்டான். "கொடுத்ததைக் கேக்குறியே, வெக்கமா இல்லை?" என்று மச்சான் கத்த, "இல்லை" என்று இவன் ஓட்டிக்கொண்டு வந்தான். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்த வாரக் கடைசியில் வந்து சொன்னான்.

"அக்கா, காலையில என் வாசப்படியில ஒரு கல்லு இருந்துச்சு."

"பசங்க போட்டிருப்பாங்க."

"சூடா இருந்துச்சு."

அடுத்த நாள் இரண்டாவது வந்தது. அவன் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாதே. கதவைத் திறக்க முடியாத அளவுக்குக் குவிந்த பிறகு, ஆடுகளையும் நாயையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டான். இங்கே கொஞ்ச நாள் ஒன்றும் இல்லை. தூங்கினான், சாப்பிட்டான், என் சமையலைக் கிண்டல் செய்தான்.

இப்போது குளிர் இறுகிவிட்டது. இன்று விடியற்காலையில் தண்ணீர்ப் பீப்பாயில் ஐஸ் கட்டியிருந்தது. பெத்ருஸ் ஆடுகளை அவிழ்க்கப் பட்டிக்குப் போயிருந்தான். தூரத்தில் அவன் மணியாட்டும் சத்தம் கேட்டது. அடுப்பு மூட்டச் சமையற்கட்டுக்குள் போனேன்.

தரை நடுவில் ஒரு கல் இருந்தது. செம்மண் ஒட்டிய கல்.

தொட்டேன். விரல் பொரிந்துவிட்டது. உச்சிவெயிலின் சூடு.

பின்பக்கமாகவே நடந்து முற்றத்துக்கு வந்தேன். கோஃபி உறைபனியில் உட்கார்ந்திருந்தது. ராத்திரி நான்தான் அதை அடுப்படியில் படுக்க வைத்திருந்தேன்.

"கோஃபி, உள்ள வாடா. விறைச்சுடுவே."

வரவில்லை. கால்களை மாற்றி மாற்றி வைத்தது. என்னைப் பார்க்கவில்லை.

எனக்குப் பின்னால், யாருமில்லாத வீட்டுக்குள்ளிருந்து, நீளமாய் ஒன்று கேட்டது.

வெட்டினாற்போல் இரண்டு.