உப்பு போட்ட புத்தகங்கள்

புத்தகக் கட்டைப் பிரித்ததும் கிறிஸ்துராஜுக்குக் குமட்டியது. முப்பது வருஷம் ஆம்பூர் தோல் ஷெட்டில் மேஸ்திரியாக இருந்தவர் அவர். வெளியூர்க்காரர்கள் ஊர் எல்லையிலேயே மூக்கைப் பொத்திக்கொள்ளும்போது, எதற்கு இந்த அலட்டல் என்று எரிச்சல்படுகிறவர். அப்படி மரத்துப்போன மூக்குக்கே எட்டிய நாற்றம், புது மை வாசனையையும் மீறி, அட்டைகளின் இடுக்கிலிருந்து, மழையில் நனைந்து நாலு நாள் கிடந்த பச்சைத் தோலைப் புரட்டினால் வருவதைப் போல வந்தது.

எந்தப் பதிப்பகமும் ஏறெடுத்துப் பார்க்காததால் தன் வாழ்க்கை வரலாற்றைத் தானே போட்டிருந்தார். அச்சில் முன்னூறு பிரதிகள். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் தங்கை ஃபீபி கம்ப்யூட்டரில் படிக்க, ஈமெயிலில் ஒரு மின்நூல். ஞாயிற்றுக்கிழமை சபை மண்டபத்தில் வெளியீடு. அடுத்த மாதம் சபைக் கமிட்டித் தேர்தல். அதில் அவர் நிற்கிறார். அதற்குத்தான் இந்தப் புத்தகம், அதிலும் முக்கியமாக, ஊர்ப் பேச்சுக்குப் பதிலாக எழுதிய அறுபத்து மூன்றாம் பக்கம். தொண்ணூற்றெட்டில் ஷெட்டின் கழிவுத் தொட்டியில் மூச்சு முட்டிச் செத்த கூலியாள் அருணகிரி, குடித்துவிட்டுத் தானாகவே இறங்கினான் என்று அதில் எழுதியிருந்தார். இறங்கச் சொன்னது யார் என்பது கிறிஸ்துராஜுக்கும் அருணகிரிக்கும் மட்டும்தான் தெரியும்.

அச்சகத்துச் சத்தாருக்குப் போன் போட்டார். தோல் கழிவைக் காய்ச்சி எடுக்கிற வஜ்ஜிரப் பசையைப் புத்தக முதுகில் தடவிவிட்டீர்களா என்று கேட்டார்.

"இன்னா சார், வஜ்ஜிரம்லாம் இப்போ யார் போடறா? மிஷின் பசைதான். நாத்தமே வராது" என்றார் சத்தார்.

பொய் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார். தோல்காரன் கைக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. மளிகைக் கடையில் ஒரு மூட்டை கல் உப்பு வாங்கிவந்து, முன்னறைத் தரையில் புத்தகங்களைப் பரப்பி, ஒரு வரிசை புத்தகம், ஒரு கை உப்பு, மறுபடி ஒரு வரிசை என்று, ஷெட்டில் தோலை அடுக்குவது போலவே அடுக்கிக் கதவைச் சாத்தினார்.

சனிக்கிழமை மத்தியானம் திறந்தபோது உப்பு கரைந்திருந்தது. அடுக்கின் நாலு பக்கமும் பழுப்பு நீர் கசிந்து, தரைச் சரிவில் மெல்ல ஓடி, அவர் கால் விரல்களை நனைத்தது. காகிதத்தில் போட்ட உப்பு அப்படியேதான் கிடக்கும். தண்ணீர் விடுவது உரித்த தோல்.

ஒன்றை எடுத்தார். கனத்தது. அட்டை வெதுவெதுப்பாக இருந்தது. உள்பக்கத்தில் பொடிப்பொடியாகத் துளைகள், துளைக்கொரு மயிர். ஆட்டு மயிர் அவருக்குத் தெரியும். மாட்டு மயிரும் தெரியும். இது இரண்டுமில்லை.

ஓடிப்போய் வாந்தியெடுத்தார். வாயைக் கழுவுவதற்குள் போன் அடித்தது. ஃபீபி.

"அண்ணா, நீ அனுப்பினதைத் தொறந்தாலே ரூமெல்லாம் நாறுது. ஸ்க்ரீன்ல இன்னாமோ மொளைக்குது. தொடைச்சா கையோட வருது."

மின்நூலுக்குப் பசை ஏது?

"அந்த அருணகிரி நிஜமாவே குடிச்சிருந்தாரா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்று சொல்லி போனை வைத்தார்.

அன்று சாயங்காலம் ஒவ்வொன்றாகக் கழுவினார், துடைத்தார், மின்விசிறிக்கடியில் காயவைத்தார். பார்வைக்குப் புத்தகங்களாகத்தான் இருந்தன. தேர்தலை நினைத்துக்கொண்டு பார்சல் கட்டினார்.

மண்டபத்தில் நூறு பேர். ஆயர் ஜெபம் செய்து முதல் பிரதியை வாங்கிக்கொண்டார். ஆளுக்கொன்று கைமாறியது. யாரும் முகம் சுளிக்கவில்லை. மேடையில் நின்ற கிறிஸ்துராஜுக்கு உயிர் வந்தது.

பிறகு படிக்கத் தொடங்கினார்கள்.

விரலை நாக்கில் தொட்டு ஒரு பக்கம். மறுபடி நாக்கு. மறுபடி பக்கம். விரல்களில் கறுப்பு ஒட்டியது. உதடுகளில் ஏறியது. முகவாயில் வழிந்தது. ஆயர் பல்லிடுக்கிலிருந்து நீளமாக ஒரு மயிரை இழுத்து, அங்கியில் துடைத்துவிட்டு, அதே விரலை மறுபடி வாயில் வைத்தார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

கிறிஸ்துராஜ் ஓரடி முன்னால் வந்தார். நிறுத்தச் சொல்லலாம். நான்தான் இறங்கச் சொன்னேன் என்று இப்போதே சொல்லிவிடலாம். மைக் முன்னாலேயே இருந்தது.

முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

பக்கம் அறுபத்தொன்று.

நூறு நாக்குகள்.

அறுபத்து மூன்று.

எல்லோரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். கண்கள் மேலே செருகின. மூக்குவரை கழிவுத் தொட்டிச் சேறு. நூறு வாய்கள் காற்றுக்காகத் திறந்தன. மூடின. திறந்தன.