முள் காட்டிய எடை

ஒன்பதாவது மாடியிலிருந்து கிளம்பிய லிஃப்ட் இவ்வளவு நேரமா இறங்கும்?

மெக்கானிக் குனிந்து, தான் ஏறி நின்றிருந்த எடை மெஷினைப் பார்த்தார். எழுபத்தொன்று. அவருடைய சொந்த எடை. எந்த லிஃப்டைப் பழுது பார்த்தாலும் கடைசியில் இந்தப் பழைய முள் மெஷின்மேல் நின்றபடி ஒருமுறை இறங்கிப் பார்ப்பது அவர் வழக்கம். கிளம்பும்போது முள் குறையும். ஒரே வேகத்துக்கு வந்ததும் சொந்த எடைக்குத் திரும்பிவிடும். நிற்கப்போகும்போது தரை காலை மேலே தள்ளும், முள் கூடும். முள் பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்வான்.

அவரும் சொல்லியிருந்தார். போன மாதம் இதே லிஃப்டின் கூரைமேல் அவருடைய மச்சினன் வேலை செய்துகொண்டிருந்தான். ஒல்லிக்குச்சி. "அம்பத்தெட்டைத் தாண்டவே மாட்டியாடா?" என்று இதே மெஷினில் ஏற்றி எத்தனை தடவை கேலி செய்திருப்பார்! மேலே இருப்பவன் "போடுங்க" என்று குரல் கொடுத்த பிறகுதான் உள்ளே இருப்பவர் பட்டனைத் தொடவேண்டும். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்ட எரிச்சலில் அவர் காத்திருக்கவில்லை.

"அவன் குரல் கொடுத்தானாங்க?" என்று மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"கொடுத்தான். அவசரக்குடுக்கை," என்று பழியைச் செத்தவன் தலையிலேயே கட்டிவிட்டார்.

நிறுத்தும் பட்டனை அமுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. லிஃப்டின் சக்கரங்கள் சுவரோரத் தண்டவாளத்தில் உரசும் சீரான முனகலும், கதவிடுக்கில் வந்த ஈரமண் வாடையும், கணுக்காலில் ஏறிய குளிரும் சேர்ந்து, கட்டடம் எப்போதோ முடிந்துவிட்டது என்று அவருக்குச் சொல்லின. இன்டர்காமை எடுத்தார்.

"சார், தரைத்தளத்தைத் தாண்டிப் போற சத்தம் கேட்டுச்சு," என்றார் வாட்ச்மேன். "எங்க சார் போறீங்க? அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்லையே."

இணைப்பு அறுந்தது.

எழுபத்தொன்று. அதே வேகம். முள் கூடினால் பிழைத்தார். வேறு வழியில்லை. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடுவதாகச் சத்தியம் செய்தார். "ஏறு, ஏறு," என்று முள்ளைக் கெஞ்சினார்.

முள் அசைந்தது.

எழுபத்தைந்து. தொண்ணூறு. தோள் கனத்தது. நிற்கும்போது உடம்பு அப்படித்தான் கனக்கும். "நிக்குது!" சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

நூற்றுப் பத்து. நூற்று இருபத்தொன்பது.

முள் அங்கேயே நின்றுவிட்டது.

லிஃப்ட் நிற்பதென்றால் இரண்டு நொடி. அதற்குள் முள் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. சக்கரத்தின் முனகலும் குறையவில்லை. மனசு தானாகக் கழித்துப் பார்த்தது.

ஐம்பத்தெட்டு.

கழுத்தைச் சுற்றி இரண்டு கைகள். கிரீஸ் வாடை. காதோரம் மூச்சு, அதில் சூடே இல்லை.

"நான் இன்னும் குரல் குடுக்கலையே, அத்தான்."

முள் நூற்று இருபத்தொன்பதிலேயே இருந்தது. லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது.