மூன்றாவது அடியில் விக்கும் எஞ்சின்

வயர்மேன் சுகுமாரன் புது ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்து நிறுத்திவிட்டு, வேனைக் கிளப்பிக்கொண்டு பிரிஞ்சாங் டவுன் பக்கம் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். குளியலறையில் துணி அலசி முடித்து வெளியே வந்த இராசம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜெனரேட்டர் சத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பின்புறக் கொட்டகையை எட்டிப் பார்த்தாள். புது மிஷின் சாக்கைப் போர்த்திக்கொண்டு சும்மாதான் நின்றது. சத்தம் வந்தது படுக்கையறையிலிருந்து, தாழ்ந்த குரலில்.

"என்னங்க, இது என்ன விளையாட்டு?"

மூக்கில் இரண்டு குழாயோடு படுத்திருந்த பக்கிரிசாமி உதட்டை மூடிக்கொண்டு தொண்டைக்குள் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தார். தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சின் ரூமில் முப்பத்தோரு வருஷம் கிடந்த மனுஷன். எஞ்சினில் கோளாறு என்றால் வாயால் விளக்கிச் சொல்ல வராது அவருக்கு. துரை முன்னால் நின்று, எஞ்சின் எப்படி ஓடுகிறதோ அப்படியே, கோளாறு உள்பட, தொண்டையில் ஓட்டிக் காட்டுவார். துரை சிரிப்பார். ஆனால் ஃபிட்டர் அதைக் கேட்டுவிட்டுக் கை வைத்த இடம் ஒருநாளும் தப்பியதில்லை.

"புது மிஷின் மூணாவது அடில விக்குது. அந்தப் பையன் கவனிக்கல," என்றார் மூச்சு வாங்க.

"இருக்கிற மூச்சயும் இப்படி வீணாக்குங்க."

"வீட்ல ஒரு சத்தம் இருக்கட்டும் லா. ஆளில்லாத வீடு மாதிரி கெடக்கு."

பக்கத்து லயத்து வீட்டில் இருந்த தாமரை குடும்பம் ஈப்போவுக்குப் போய் நாலு வருஷம். இப்போது அங்கே இருப்பவர்கள் வேறு தேசத்துப் பிள்ளைகள். பார்த்தால் சிரிப்பார்கள், பேச்சு புரியாது. மகள் மலர் ஜொகூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் போடுவாள். மற்ற ஆறு நாளும் இந்த வீட்டில் வாய் திறந்து பேசுவது ஆக்சிஜன் மிஷின் ஒன்றுதான்.

கரண்ட் போய் அது நின்றால் அவர் மூச்சும் நின்றுவிடும். கட்டிலுக்கடியில் ஒரு சின்ன சிலிண்டர் உண்டு, இரண்டு மணி நேரம் தாங்கும். ஆனால் அதைத் திறந்து குழாயை மாற்ற ஆள் ஓடி வர வேண்டுமே. பதினோரு மாதமாக, மலையில் எங்கே மரம் சாய்ந்து கரண்ட் போனாலும், அடுப்பில் என்ன இருந்தாலும், இராசம்மா ஓடியிருக்கிறாள். போன மாதம் மண் சரிந்த அன்றைக்கு ஈரக் கை வழுக்கி வால்வு திரும்பவில்லை. அவர் உதடு நாவல்பழ நிறத்துக்குப் போய்த் திரும்பியது. அதைக் கேட்டுப் பதறித்தான் மலர் ஜெனரேட்டர் வைக்க இந்த சுகுமாரனைப் பிடித்து அனுப்பினாள். லைசென்ஸ் உள்ள வயர்மேன், பேச்சும் நல்ல பேச்சு.

"வீடு முழுக்க இழுத்தா மிஷின் தாங்காது ஆன்ட்டி. பெட்ரூம் லைன் மட்டும் குடுக்கிறேன். கரண்ட் போனா அதுவே ஸ்டார்ட் ஆயிரும். நீங்க ஓட வேணாம்," என்றிருந்தான் காலையில்.

ஓட வேணாம். நாள் முழுக்க அந்த வார்த்தையைத்தான் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள்.

ஐந்தரை மணிக்கு மூடுபனி தேயிலைச் சரிவையெல்லாம் விழுங்கிவிட்டு அடுப்படி ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. கஞ்சி கொதித்து, ஈர மண் வாடையும் சீரக வாடையும் கலந்து வந்துகொண்டிருந்தபோது அடுப்படி விளக்கு அணைந்தது. ஃபிரிட்ஜின் முனகல் நின்றது. அவள் கால் தானாகப் படுக்கையறைப் பக்கம் திரும்பிவிட்டது.

அப்போது எஞ்சின் பிடித்தது.

சும்மா இல்லை, சுவரே அதிர்ந்தது. அலமாரியில் தட்டுகள் கிலுகிலுத்தன, டீசல் வாடைகூட மூக்கில் ஏறியது. இரண்டு அடி ஒழுங்காக, மூன்றாவதில் ஒரு விக்கல். பாவி மனுஷன், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பதினோரு மாதத்தில் முதல் தடவையாக இராசம்மா ஓடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு கோப்பை தேநீரைச் சூடு ஆறாமல் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். இருபது நிமிடம் அப்படியே இருந்தாள். துணைக்கு ஆள் இருப்பதுபோல் இருந்தது அந்தச் சத்தம்.

போன் அடித்தது. சுகுமாரன்.

"ஆன்ட்டி, அங்கயும் கரண்ட் இல்லையா? சிலிண்டர மாத்திட்டீங்களா?"

"எதுக்குப்பா? ஒன் மிஷின்தான் ஓடுதே," என்று சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

அந்தப் பக்கம் வேன் கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"அது எப்படி ஓடும்? ஸ்டார்ட் பண்ற பேட்டரி வீக்கா இருந்துச்சு, மாத்தலாம்னு கழட்டிட்டு வந்துட்டேன். வேன்லதான் இருக்கு. நீங்க துணி அலசிட்டு இருந்தீங்க, அங்கிள்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். 'நீ போ, கரண்ட் போனா நா பாத்துக்கிறேன்'னாரே..." அவன் குரல் இறங்கியது. "ஆன்ட்டி, அப்ப பின்னால ஓடறது என்ன?"

அவள் பின்கதவைத் திறந்தாள். கொட்டகைக்குள் பனி. நனைந்த சாக்கு. இழுத்தாள். இரும்பு ஜில்லென்று இருந்தது. டேப் சுற்றிய இரண்டு வயர் முனைகள், எதிலும் சேராமல்.

சத்தம் முதுகுப் பக்கம் இருந்தது. வீட்டுக்குள்.

ஓடினாள். நடை இருட்டு. சுவரில் கை வைத்தாள், சுவர் துடித்தது. கதவு. சத்தத்துக்கு அடியில், மெல்லிசாக, ஆக்சிஜன் மிஷின் அபாய பீப் அடித்துக்கொண்டிருந்தது. எத்தனை நேரமாக அடிக்கிறதோ.

போன் வெளிச்சத்தைப் பிடித்தாள்.

இரண்டு மாதமாகத் தானாக எழுந்திருக்க முடியாத மனுஷன், கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். நாவல்பழ நிறத்தில் உதடு. வாய் நன்றாகத் திறந்திருந்தது. கண் கதவைப் பார்த்தபடி. நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை.

சத்தம் அந்த வாயிலிருந்து வந்தது.

குனிந்தாள். சிலிண்டரை இழுத்தாள். வால்வு திரும்பியது, இந்தத் தடவை கை வழுக்கவில்லை. குழாயை மாற்றினாள். நெஞ்சில் கை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. கொட்டகை இரும்பு மாதிரி.

"போதுங்க. நா வந்துட்டேன். நிறுத்துங்க."

நிற்கவில்லை.

அப்போது கரண்ட் வந்தது. தலைக்கு மேலே பல்பு எரிந்தது. அடுப்படியில் ஃபிரிட்ஜ் முனகியது. ஆக்சிஜன் மிஷின் ஒரு பெருமூச்சு விட்டு ஓட ஆரம்பித்தது. கீழே விழுந்த போனில் சுகுமாரன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் கை அவர் நெஞ்சிலேயே இருந்தது, அசையாத நெஞ்சில். திறந்த வாயில் நாக்கு அசையவில்லை, தொண்டை அசையவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது அடியில் இருந்த விக்கல் மட்டும் இப்போது இல்லை.