வலப்பக்கத்து இதயம்

எண்ணெயில் பொரிக்கும் பவுர்சாக் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த மக்பால், பாதியில் கையை எடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூச்சு இரைத்தது. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சமையலறை ஜன்னலை அஸ்தானா நகரத்தின் ஜனவரிப் பனி வெள்ளையாக மூடியிருந்தது. நாத்தனாருக்கு மூன்றாவது குழந்தை பிறந்திருக்கிறது. மதியம் தொட்டில் விருந்துக்கு முப்பது பேர் வருகிறார்கள்.

பால் தேநீருக்காகக் காத்திருந்த மாமியார் பிபிஷார், கைத்தடியைத் தரையில் ஊன்றினாள்.

"காலங்காத்தாலேயே உக்காந்தாச்சா? உன் வயசுல நான் நாலு புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு ஆட்டு மந்தைக்குத் தண்ணி காட்டுனேன். நீ ஒண்ணே ஒண்ணு பெத்துட்டு இந்தப் பாடு படுற..."

எட்டு வயது மகள் அய்ஸாதாவுக்குப் பிறகு ஏன் இன்னொன்று இல்லை என்ற கேள்வி இந்த வீட்டில் ஆறு வருடமாகக் கேட்கப்படுகிறது. அழகு குலைந்துவிடுமென்று பயப்படுகிறாள் என்று மாமியாரே ஒரு பதிலையும் கண்டுபிடித்து, உறவினர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ரயில் ஓட்டும் கணவன் செர்ஜான் மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. அவனிடமும் மக்பால், "இப்ப வேண்டாம்" என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை.

எழுந்து இறைச்சிக் கொப்பரையைத் தூக்கினாள். இரண்டடி வைத்திருப்பாள். கொப்பரை கைநழுவி விழ, அவளும் சுவரோரமாகச் சரிந்தாள். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன.

ஆம்புலன்ஸில் வந்த மருத்துவர் அவள் இடது மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், நகர்த்தினார், நெற்றியைச் சுருக்கினார். பிறகு வலப்பக்கம் வைத்துக் கேட்டார். "இவங்களுக்கு இதயம் வலது பக்கம் இருக்குது. உங்களுக்குத் தெரியாதா?" என்று பிபிஷாரைக் கேட்டார். அவளுக்குத் தெரியாது. பத்து வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் தெரியாது.

பெரிய மருத்துவமனையில் அறுவை மருத்துவர் துலெகேனோவ் பழைய ஃபைலைத் தேடி எடுத்து வைத்திருந்தார். பிபிஷாரும், செய்தி கேட்டு வேலையிலிருந்து ஓடி வந்த செர்ஜானும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். இதயத்தின் ஒரு வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசிகிறது. ஆறு வருடம் முன்பே அறுவை செய்திருக்க வேண்டும். அதுவரை இன்னொரு பிள்ளை பெறுவது உயிருக்கே ஆபத்து என்று அப்போதே சொல்லியாயிற்று என்றார். மக்பால்தான் வேண்டாமென்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

"ஏன்?" என்றான் செர்ஜான்.

மருத்துவர் காகிதத்தை அவர்கள் பக்கம் திருப்பினார். மக்பாலின் கையெழுத்திலேயே இருந்தது: 'நெஞ்செலும்பைப் பிளந்து செய்தால் மூன்று மாதம் எடை தூக்கக் கூடாது என்கிறார்கள். மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். தூக்கி உட்கார வைக்க வேறு ஆள் இல்லை.'

பிபிஷார் அதை இரண்டு முறை படித்தாள். அந்த வருடம் முழுக்கத் தன்னைக் குளிப்பாட்டியதும், புரட்டிப் படுக்க வைத்ததும் இதை எழுதிய கைகள்தான். அந்த வருடத்தில்கூட, 'மெதுவாத் தூக்கேன், எதுக்கு இப்படி இரைக்கிற' என்று அவள் கடிந்துகொண்டிருக்கிறாள்.

இப்போது எலும்பைப் பிளக்க வேண்டியதில்லை. விலா எலும்புகளுக்கு நடுவே சிறு துளைகள் போட்டு ரோபோ கைகளால் வால்வைச் சீராக்கலாம் என்றார் துலெகேனோவ். ஆனால் அவர் இதுவரை செய்ததெல்லாம் வலப்பக்கத் துளை வழியாக. இவளுக்கு இடப்பக்கமாகப் போக வேண்டும். எல்லாமே கண்ணாடியில் தெரிவதுபோல் மாறியிருக்கும். நான்கு நாள் அவரும் அவர் குழுவும் மக்பாலின் ஸ்கேன் படங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அசைவையும் இடம் வலம் மாற்றி ஒத்திகை பார்த்தார்கள்.

"மெஷினா என் மருமவளை அறுக்கப் போவுது?" என்று பிபிஷார் கேட்டாள்.

"இல்லம்மா, அறுக்கிறது நான்தான். என் விரல் அசையற மாதிரிதான் அது அசையும். என் கை நடுங்கினாலும் அது நடுங்காது."

"உங்க கை நடுங்குமா?"

அவர் ஸ்கேன் படத்தை மேஜையில் வைத்தார். "இந்த மாதிரி இதயத்தை நான் இப்பதான் மொத தடவை தொடப்போறேன். பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

அறுவை முடிய ஆறு மணி நேரம் ஆயிற்று. நாத்தனார் கொடுத்தனுப்பிய சாப்பாட்டைப் பிபிஷார் தொடவில்லை. உறவினர் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பலவீனமான பெண்ணைக் கட்டிவைத்து ஏமாற்றிவிட்டார்களே என்று ஆறுதலாகப் பேசத் தொடங்கினாள். பிபிஷார் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவளைப் பத்தி நான் சொன்னதெல்லாம் பொய். யார் யார்கிட்ட சொன்னேனோ, அவங்ககிட்டல்லாம் நானே போய்ச் சொல்லிக்கிறேன். நீ எந்திரிச்சுப் போ."

துலெகேனோவ் வெளியே வந்தபோது சட்டை முதுகு நனைந்திருந்தது. வால்வு மூடுகிறது, கசிவு இல்லை என்றார்.

மறுநாள் காலை உள்ளே விட்டார்கள். மக்பால் வெளிறிப் போயிருந்தாலும் உதட்டில் சிவப்பு திரும்பியிருந்தது. பிபிஷார் கட்டிலருகே நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல? நான் அவ்வளவு கொடுமைக்காரியா?"

மக்பாலால் மெல்லத்தான் பேச முடிந்தது. "அப்ப நீங்க சரியா சாப்பிடவே மாட்டீங்க அத்தை. பாரமா இருக்கேன், போய்ச் சேர்ந்துட்டா நல்லதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. இதையும் சொல்லியிருந்தா, அந்த ஒரு வாய்க் கஞ்சியையும் நிறுத்தியிருப்பீங்க. நீங்க எழுந்து நடந்தப்புறம், இத்தனை நாள் தாங்குச்சே, இன்னும் கொஞ்சம் தாங்கும்னு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்துட்டேன்..."

பிபிஷார் குனிந்தாள். மருமகளின் நெற்றியில் முகத்தைப் பதித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். "என்னை மன்னிச்சிரு தாயி" என்ற வார்த்தை பாதிதான் வெளியே வந்தது. மக்பால் ஊசி குத்தாத கையை உயர்த்தி அந்த நரைத்த தலையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

"அழாதீங்க அத்தை. நீங்க அழுதா எனக்கும் அழுகை வரும். இப்ப அழுதா எனக்கு வலிக்கும்."

அழுகையை விழுங்கிக்கொண்டு பிபிஷார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செர்ஜான் வந்து வீட்டுக்குக் கூப்பிட்டபோதும் அவள் எழுந்திருக்கவில்லை.