அம்மன் சிங்கம், யூதா சிங்கம்

"ஏங்க, கொஞ்சம் நகருங்க. சிங்கத்த மறைச்சிக்கினு உக்காந்துட்டீங்க."

தாளிலிருந்து பென்சிலை எடுக்காமலே அனு சொன்னாள். "இந்தக் கோயில்ல வேற சிங்கமா இல்ல?"

"இருக்குது. இதுதான் நல்லா மொறைக்குது... உங்கள மாதிரியே."

நிமிர்ந்தாள். சட்டையெல்லாம் மரத்தூள், குறும்பான கண்கள்... அந்த நேரம் பார்த்துத்தான் மழை பிடித்துக்கொள்ள வேண்டுமா! கைலாசநாதர் கோயில் பிராகாரத்தில், ஒரு சின்னச் சந்நிதியின் கூரைக்குள் இருவரும் ஒதுங்கினார்கள்.

அவன் ஜெபகுமார். முசரவாக்கத்தில் மரச்சிற்பப் பட்டறை வைத்திருப்பவன். சர்ச்சின் புதுப் பிரசங்க மேடைக்குச் சிங்கம் செதுக்க வேண்டுமாம்.

"யூதா கோத்திரத்துச் சிங்கம்னா எங்களுக்கு இயேசு. உங்களுக்கு?"

"அம்மனோட வாகனம். பட்டுச் சேலைக் கரை முழுக்க நடக்கப் போவுது. நானே டிசைன் பண்ற முதல் சேலை!"

வரைந்ததை எட்டிப் பார்த்தான். "அம்மனையே சுமக்கறது... கீழ்க்கரையில போட்டா கால்ல படாதா?"

சுருக்கென்றது. "யானையும் மயிலும் கரையில இல்லையா? நீங்க உங்க மேடைய பாருங்க!" மழையோடு மழையாய் நடந்துவிட்டாள்.

அவள் வேலை பார்க்கும் பட்டுக்கடை முதலாளி கரைச் சிங்கத்துக்குச் சரி சொல்லிவிட்டார். டிசைன் தறிக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அந்தச் சேலையைத் தானே உடுத்தியிருப்பதாக நினைத்துப் பார்த்தாள்... பாதத்தின்மேல் அந்த முகம் உரசியது. கால் கூசியது. தனக்குத் தோன்றாதது வேறு சாமி கும்பிடுகிறவனுக்குத் தோன்றிவிட்டதே... வலி அங்கேதான் இருந்தது. முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டு, சிங்கத்தை முந்தானைக்கு ஏற்றினாள்.

அதை அவனிடம் சொல்லியே ஆக வேண்டுமா? வேண்டாம்தான்... என்றாலும் பட்டறை வாசலில் போய் நின்றாள்.

"சிங்கம் தோளுக்கு வந்துடுச்சி. நீங்க கேட்டது சரிதான்."

அவன் பதறிப்போய் எதன்மீதோ துண்டைப் போட்டு மூடினான்.

"என்னாது அது?"

"பாஸ்டர் திருப்பி அனுப்பிட்டாருங்க..."

துண்டை இழுத்தாள். பிடரி, பல், நகம் எல்லாம் சிங்கம். கண்கள் மட்டும் நீளமாய், நீண்ட இமைகளோடு...

"'யூதா சிங்கத்துக்கு எதுக்குபா மை வெச்ச கண்ணு'ன்னு கேட்டாரு." அவன் காது சிவந்தது. "நான் என்ன பண்ண? அன்னிக்கு நான் சிங்கத்த எங்கங்க பாத்தேன்..."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

"மேடைக்கு வேற செதுக்கிடுவேன். இது... நீங்க சரின்னா, நம்ம வீட்டுக் கதவுக்கு."

அனு அந்த மரக் கண்களை விரலால் தடவினாள்.

"அன்னிக்கு கோயில் வாசல் வரைக்கும் மெதுவாத்தான் நடந்தேன்," என்றாள். "கூப்புடுவீங்கன்னு..."