குரல் கொஞ்சம் முன்னால்

என் கணவருக்குக் காதுதான் சோறு போடுகிறது. புதிதாக வருகிற இயர்போன்களைக் கேட்டுப் பார்த்து, எது உருப்படி, எது ஏமாற்று வேலை என்று வீடியோவில் சொல்வது அவர் தொழில். என் பிழைப்பும் காதை வைத்துத்தான். ஆனால் வேறு மாதிரி. கஸ்டமர் கேரில் நாள் முழுக்க ஹெட்செட் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்கள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்துவிட்டால் காதில் பஞ்சைக்கூட வைத்துக்கொள்ள மாட்டேன்.

நாங்கள் முன்பு இருந்த வீட்டுக்குக் கீழே வெல்டிங் பட்டறை. அவர் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் கீழே இரும்பைத் தட்டுவார்கள். "இப்படியே போனா நான் இரும்புக் கடை வீடியோதான் போடணும்" என்று புலம்பிக்கொண்டே வேறு வீடு தேடினார். அப்படிக் கிடைத்ததுதான் அந்த மாடி வீடு.

தெருவின் கடைசியில் இருந்தது. பழைய, தடித்த சுவர்கள். படியேறி உள்ளே போனதும் தெருச் சத்தம் பாதியாகக் குறைந்தது. உள்ளே ஜன்னல் இல்லாத சின்ன அறை ஒன்று. நான்கு சுவரிலும் கூரையிலும் சாம்பல் நிற ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. ரொம்ப நாள் மூடியே கிடந்த டிபன் பாக்ஸைத் திறந்த மாதிரி ஒரு வாடை.

என் கணவர் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினார். அந்தச் சத்தம் கையை விட்டு வெளியே வரவேயில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

"முன்னாடி இருந்த பொண்ணு சினிமாவுக்கு டப்பிங் பேசிட்டு இருந்தா. இதெல்லாம் அவ ஒட்டினதுதான்" என்றார் வீட்டு ஓனரம்மா.

"இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டேன்.

"தெரியலைம்மா. சாமானெல்லாம் அப்படியே கெடந்துச்சு. ஆளைத்தான் காணோம். போலீசும் வந்து பாத்துட்டுப் போச்சு."

நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. இன்னொரு தடவை கை தட்டிக்கொண்டிருந்தார்.

குடிவந்த கையோடு, வீடியோவுக்காக இரண்டு இயர்போன்கள் வந்து சேர்ந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. ரொம்ப மலிவும் இல்லை, கை வைக்க முடியாத விலையும் இல்லை. அதனால்தான் எல்லாருக்கும் அந்தக் கேள்வி: இதை வாங்கலாமா, அதை வாங்கலாமா? இரண்டுமே ஹைப்ரிட். உள்ளே இருந்து சத்தத்தை எழுப்புகிற குட்டி ஸ்பீக்கருக்கு டிரைவர் என்று பெயர்; பேஸ் சத்தத்துக்குத் தனி டிரைவர், மேல் சத்தத்துக்குத் தனியாக இன்னும் குட்டிக் குட்டி டிரைவர்கள். "ஒரே அடுப்படியில ரெண்டு சமையல்காரங்க. ஒத்துப்போனா விருந்து, இல்லைன்னா தலைவலி" என்று வீடியோக்களில் சொல்லுவார்.

முதல் நாளே அவருக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. கறுப்பில் பேஸ் கனமாக இருந்தது. ஆனால் பாடுகிறவர் டிரம்ஸ்காரருக்குப் பின்னால் போய் நின்றுகொண்ட மாதிரி, குரல் தள்ளிப் போய்விட்டது. வெள்ளியில் குரல் முன்னால் வந்து நின்றது. ஆனால் 'ச' வருகிற இடமெல்லாம் காதைக் குத்தியது. இன்னும் இரண்டு மூன்று பாட்டைக் கேட்டு உறுதி செய்துகொண்டால் வேலை முடிந்தது.

ஆனால் அது முடியவேயில்லை.

"வெள்ளியில என்னமோ இரையுது" என்றார் அன்று மாலை. "பாட்டு தொடங்கறதுக்கு முன்னாடி, யாரோ மூச்சை இழுக்கற மாதிரி."

காதுக்குள் நுழைகிற ரப்பரை மாற்றினார். கேபிளை மாற்றினார். பிளேயரை மாற்றினார், என் போனைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தார். இழுத்த மூச்சு இழுத்தபடியே இருந்தது. இயர்போன் கொடுத்த விநியோகஸ்தரிடம் சொல்லி வேறு வெள்ளி ஒன்றை வரவழைத்தார். அதிலும் அதே மூச்சு.

"என்ன சார், ஊரே வீடியோ போட்டு முடிச்சாச்சு. நீங்க மட்டும் இன்னும் காதைக் குடைஞ்சுட்டு இருக்கீங்க!" என்று விநியோகஸ்தர் போனில் சிரித்தார்.

போனை வைத்ததும் அவர் ரப்பர் டப்பாவைத் தூக்கிச் சுவரில் அடித்தார். ஸ்பாஞ்சில் பட்டு அது சத்தமே இல்லாமல் விழுந்தது. அது அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கோபத்தில் ஒரு பொருளை எறிந்தால் அது 'டமால்' என்றாவது விழ வேண்டாமா?

எனக்கு விடுமுறை நாள் வந்தது. நல்ல வெயில். துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தேன். அவர் அறை வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீயாவது ஒரு தடவை கேட்டுச் சொல்லேன்."

"வாரம் பூரா கேக்கறது போதாதா எனக்கு? இன்னைக்காவது விடுங்க."

"ஒரே ஒரு பாட்டு. என் காதுதான் போச்சா, இல்ல இதுதான் ஓட்டையான்னு தெரிஞ்சுடும்."

சண்டையை வளர்க்கத் தெம்பில்லாமல் வெள்ளியை வாங்கி மாட்டிக்கொண்டேன். அறைக்குள் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. கூடத்து வெயில் வாசல்வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. அவர் பிளேயரைத் தட்டினார்.

வயலின். டிரம்ஸ். அதோடு சேர்ந்து ஒரு பெண் மெல்ல முனகுகிறாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது.

"நல்லாத்தானே இருக்கு? அந்தப் பொண்ணு குரல் அப்படியே பக்கத்துல கேக்குது" என்றேன்.

அவர் பிளேயரின் திரையைக் குனிந்து பார்த்தார்.

"என்னங்க?"

"எந்தப் பொண்ணு?"

"பாடறாளே... வார்த்தையில்லாம, முனகற மாதிரி."

"இது வெறும் வயலினும் டிரம்ஸும்" என்றார் மெதுவாக. "இதுல பாடறவங்க யாருமே கிடையாது."

சட்டென்று காதிலிருந்து பிடுங்கினேன். வேறு யாராவது இருந்தால் அப்போதே எழுந்து ஓடியிருப்பார்கள். என் கணவருக்கோ, இத்தனை நாள் ஆட்டம் காட்டிய கோளாறு இப்போதுதான் பிடிபட்ட மாதிரி கண் விரிந்தது.

"எங்க நின்னா? வலதா, இடதா?"

"லூசா நீங்க?"

"சொல்லும்மா!"

"இடது பக்கம். தோளுக்குப் பின்னாடி."

அவர் என்னை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் கறுப்பை மாட்டினார். கண்ணை மூடிக் கேட்டார். "கதவுக்கிட்ட நிக்கறா" என்றார். பிறகு வெள்ளி. "ஆமா. தோள்கிட்ட." அவர் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்புகூட வந்தது. "பாத்தியா, ரெண்டும் சரியாத்தான் காட்டுது. கறுப்புல குரல் பின்னாடி, வெள்ளியில முன்னாடி. நான்தான் வீணா சந்தேகப்பட்டுட்டேன்."

"எழுந்து வாங்க. போதும்."

"கடைசியா ஒரு தடவை கறுப்பு. பாத்துட்டு வந்துடறேன்."

மறுபடி கறுப்பை மாட்டினார். சிரிப்பு போய்விட்டது. முகத்தைச் சுளித்தார்.

"இல்லையே" என்று முணுமுணுத்தார். "கறுப்புல அவ பின்னால போகணுமே. போகலையே."

அவருக்கு அப்போதும் பயம் வரவில்லை. எரிச்சல்தான். சொன்ன இடத்தில் நிற்காத ஆளைக் கோபித்துக்கொள்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு, பிளேயரிலிருந்து கேபிளை உருவினார். கேபிள் நுனி அவர் மடியில் கிடந்தது.

அவருடைய கண்மணிகள் மெதுவாக இடது பக்கம் நகர்ந்தன.

நம் பக்கமாக யாராவது நடந்து வந்தால், தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பார்ப்போமே, அப்படி.

"கிட்ட வர்றா" என்றார்.

"கழட்டுங்க அதை."

"நான் பேசும்போது... கூடவே பேசறா. நான் சொல்ற வார்த்தையை, அதே நேரத்துல."

"கழட்டித் தொலைங்க!"

"கழட்டிட்டேன்" என்றார்.

அப்போதுதான் கீழே பார்த்தேன். கறுப்பின் இரண்டு முனைகளும் அவர் உள்ளங்கையில் இருந்தன.

அவர் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் நாற்காலி சாய்ந்தது. சத்தம் வரவில்லை. கூடத்தைத் தாண்டி, படியிறங்கி, தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்கு என் மூச்சே கேட்டது. ஒரு பழ வண்டிக்காரர் எங்களை விநோதமாகப் பார்த்தார். என் கணவர் இடது காதை அழுத்திப் பொத்திக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றார். நான் என்ன கேட்டும் பேசவில்லை. பேசினால் கூடவே பேசுவாளோ என்று பயந்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அன்றைக்கே நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டோம். சாமான்களை ஆள் வைத்து எடுத்தோம். கறுப்பையும் வெள்ளியையும் திருப்பி அனுப்பினோம். "நல்லாப் பாத்துட்டோம் சார். ரெண்டுலயும் ஒரு குறையும் இல்லை" என்று விநியோகஸ்தர் சொல்லிவிட்டு, அதோடு புதுச் சரக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார். வீடியோ எங்கே, வீடியோ எங்கே என்று பார்வையாளர்கள் வேறு திட்டினார்கள். மனுஷருக்கு அதுதான் தாங்கவில்லை. நடந்ததையெல்லாம் விட்டுவிட்டு, "ரெண்டுல எது நல்லதுன்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையே" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு ஜிம் ஒன்றுக்கு மேலே வீடு பார்த்தோம். காலையிலிருந்து எடைக்கட்டைகள் தொம் தொம் என்று விழும். அந்தச் சத்தம் எங்களுக்கு வேண்டியிருந்தது. வீடியோவில் அவர் பெட்டி ஸ்பீக்கர்களைப் பற்றி மட்டும் பேசினார். காதுக்குள் எதையும் வைக்கவில்லை. குரல் எதுவும் கேட்கவில்லை. மெல்ல மெல்ல அவர் பழையபடி சளசளவென்று பேச ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில்தான் ஒரு புதுக் கம்பெனி கூப்பிட்டது. அவரவர் காதுக்கு அச்செடுத்து, அந்த வடிவத்திலேயே செய்து தருகிற இயர்போன். அதைப் பற்றி அவர் பேச வேண்டும். வேண்டவே வேண்டாம் என்றேன்.

"அந்த வீட்டோட அது முடிஞ்சுது. எவ்வளவு நாளைக்குத்தான் பயந்துட்டே உக்காந்திருக்கறது?" என்றார்.

காது கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். காலை நேரம். வெள்ளை விளக்குகள், வெளியே காத்திருக்கும் கூட்டம், எங்கோ ஒரு குழந்தையின் அழுகை. அச்செடுக்கிற பெண் என் கணவரின் இடது காதுக்குள் சின்னப் பஞ்சு ஒன்றை வைத்துவிட்டு, பெரிய ஊசி மாதிரி ஒன்றால் இளஞ்சிவப்பு மாவை நிரப்பினாள்.

"இறுகுற வரைக்கும் பேசக்கூடாது, அசையக்கூடாது சார்."

நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் அவர் பக்கத்தில் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் அச்சை உருவி எடுத்தாள். திருப்பிப் பார்த்ததும் அவள் புருவம் சுருங்கியது.

"அசையாதீங்கன்னு சொன்னேன்ல சார்? மேடம், நீங்களா? இது என்ன விளையாட்டு? மாவு வீணாப் போச்சு."

அச்சின் வெளிப்பக்கத்தை என்னிடம் நீட்டினாள். வழவழப்பாக இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு உதடுகள் பதிந்திருந்தன. உதட்டின் ரேகைகள்கூடத் தெளிவாக இருந்தன.

"நான் எழுந்திருக்கவே இல்லை" என்றேன். அவள் நம்பவில்லை. முணுமுணுத்துக்கொண்டே புது மாவைப் பிசைந்து மறுபடி நிரப்பினாள். இந்தத் தடவை அவளும் நகரவில்லை. நான் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் காதையே பார்த்தேன். இமைக்காமல் பார்த்ததில் கண்ணில் நீர் வழிந்தது. இளஞ்சிவப்பு மாவு அசையாமல் இருந்தது. எதுவும் வரவில்லை. எதுவும் தொடவில்லை.

அவள் உருவி எடுத்தாள். பார்த்தாள். இந்த முறை திட்டவில்லை. முதல் அச்சுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்துவிட்டு, இரண்டு எட்டு பின்னால் போய் நின்றாள்.

"இப்பவாவது சரியா வந்துச்சா?" என்று கேட்டார் என் கணவர்.

நான் குனிந்து பார்த்தேன்.

முதல் அச்சில் உதடுகள் மூடியிருந்தன.

இதில் திறந்திருந்தன.