சிவப்பு மெழுகு

"குழந்தையக் காணோம் சார்!" என்று வந்த பால்ராஜ் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சிவராமன் பதறி எழுந்தார். பிறகுதான் தெரிந்தது, காணாமல் போனது மரக் குழந்தை. பட்டாபிராம் தேவாலயத்துக்காகப் பால்ராஜ் வாகை மரத்தில் மாதா சிலை செதுக்கியிருந்தார். மாதா கையிலிருந்த குழந்தை இயேசுவை மட்டும் யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை சிலையை மந்திரித்துத் தேவாலயத்தில் வைப்பதாக இருந்தது.

"அந்த இன்னொரு ஆசாரி துலுக்கானம்தான் சார். இந்த வேலை அவனுக்குக் கிடைக்கலன்னு உறுமிக்கினு கீறான். இன்னிக்கு அவன் கையை ஒடிக்காம உட மாட்டேன்."

"பட்டறையைப் பார்த்துட்டு ஒடிக்கலாம்," என்றார் சிவராமன். பாதுகாப்புத் தொழிற்சாலையில் உதிரிபாகங்களைச் சோதித்து ஓய்வு பெற்றவர், எதிலும் அவசரப்படமாட்டார். அக்கம்பக்கத்தில் எது தொலைந்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். மாடி வீட்டு கார்த்திகா அவருக்கு நேர் எதிர். துப்பு என்றதும் ஐ.டி. வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

பட்டறை பால்ராஜ் வீட்டின் பின்புறம். "பூட்டு உடையல. கள்ளச்சாவி! துலுக்கானமேதான் சார்!" என்று கார்த்திகா தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"தரையைப் பாரும்மா."

எங்கும் மரச் சிராய்கள். சிலையைச் சுற்றி மட்டும் சுத்தமாகப் பெருக்கியிருந்தது.

"பொறாமையில வந்தவன் பெருக்கி வச்சுட்டா போவான்? அறுத்த இடத்துல மெழுகு வேற பூசியிருக்கு. ஏன் பால்ராஜ்?"

"மரம் இன்னும் முழுசா காயல சார். பூசலன்னா மாதா மேல வெடிப்பு ஓடும்."

"அப்போ எடுத்தவங்களுக்கு மாதா மேல கோபமில்லை. இங்கே மெழுகு பூசுறது யார்?"

"எப்பவும் என் சம்சாரம் ரெஜினாதான்..." பால்ராஜின் குரல் தணிந்தது.

"உங்க டப்பாவில இருக்கிறது மஞ்சள் மெழுகு. கோயில்ல ஏத்துறது வெள்ளை. இது சிவப்பு. சொட்டும் ரொம்பச் சின்னது. கேக் மேல வைக்கிற மெழுகுவத்தி." சிவராமன் தயங்கினார். "வீட்ல குழந்தை உண்டா?"

"இருந்தான் சார். கிரண். பொறந்த நாளுக்குன்னு வாங்குனது. அதுக்குள்ள காய்ச்சல்ல பூட்டான். கொளுத்தவேயில்ல."

"சிலைக்கு வச்சது அவன் முகமா?"

பால்ராஜ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "வேணும்னு செய்யல சார். உளி தானா அங்கதான் போச்சு. அவ பாத்தா தாங்க மாட்டான்னு துணி போட்டு மூடியே வச்சிருந்தேன்."

"நேத்து அவங்க துணியை விலக்கிப் பார்த்திருக்காங்க," என்றார் சிவராமன்.

வீட்டுக்குள் ரெஜினா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில், துவாலையில் சுற்றிய மரக் குழந்தை. அவர்களைக் கண்டும் அவள் அதை மறைக்கவில்லை.

"இது என் புள்ள மூஞ்சிய்யா. கோயில்ல வச்சா ஊரே தொட்டு முத்தம் குடுக்கும். பெத்தவ நான் வரிசையில நின்னு பாக்கணுமா?"

பால்ராஜ் அவள் பக்கத்தில் உட்கார்ந்து துவாலையைச் சரிசெய்தார். "இவன் நம்ம ஊட்லயே இருக்கட்டும். கோயிலுக்கு வேற செய்றேன்," என்றார் கடைசியில்.

வெளியே வந்த கார்த்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் சார்."

"அப்புறம் துலுக்கானத்தோட கை ஒடிஞ்சிருக்குமே?" என்றார் சிவராமன். மரம் காயவில்லை, இன்னும் நாளாகும் என்று பாதிரியாரிடம் அவரே போய்ச் சொன்னார். அது பொய்யும் அல்ல.

சில மாதம் கழித்துச் சிலை தேவாலயத்துக்கு வந்தது. புதிய குழந்தை மாதாவின் தோளில் முகம் புதைத்திருந்தது. பின்னந்தலைச் சுருள்முடி மட்டுமே தெரிந்தது. வேறு முகம் எதுவும் பால்ராஜின் கைக்கு வரவில்லை.

"முகத்தை ஏம்ப்பா மறைச்சுட்டே?" என்று பாதிரியார் கேட்டார்.

பால்ராஜ் தலை குனிந்தார். வரிசையில் நின்றிருந்த ரெஜினாதான் மெல்லச் சொன்னாள்:

"தூங்குறான் ஃபாதர்."